‘நரம்பு இழுத்துக்கிச்சு’ என்கிறோமே, அது என்ன?

(இ-சேவை மையப் பணியாளர்களும் மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்களும் கலந்துகொண்ட நலவாழ்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை, செய்தித் துறையில் எழுதுகிறவள். மருத்துவர்கள் சொல்வதை நமக்குப் புரிகிற தமிழில் கொண்டுவந்து சேர்ப்பதுதான் என் வேலை. அதனால் இன்றைக்கு நான் எந்த மருந்தும் சொல்லப் போவதில்லை. ஒரு வலியை எப்படி அடையாளம் காண்பது, அதை மருத்துவரிடம் எப்படிச் சொல்வது, இந்த இரண்டைத்தான் பேசப் போகிறேன்.

இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் நாள் முழுக்க கீபோர்டு, மௌஸ், கைரேகைக் கருவியோடு இருக்கிறவர்கள். மீதிப் பேர் தையல், சமையல், ஊறுகாய், மசாலா பேக்கிங் என்று கையை வைத்தே சம்பாதிக்கிறவர்கள். நம் எல்லோர் கையிலும் செல்போன் வேறு. கை வலித்தால் நாம் என்ன சொல்வோம்? ‘நரம்பு இழுத்துக்கிச்சு’, ‘சுளுக்கு’, ‘வாய்வு பிடிச்சிருக்கு’, ‘வாதம்’. எல்லா வலிக்கும் இந்த நாலு பேர்தான். பேர் தப்பானால் வைத்தியமும் தப்பாகும். நரம்பு என்று நினைத்தால் சத்து மாத்திரை, சுளுக்கு என்று நினைத்தால் ஓங்கித் தடவல், வாய்வு என்று நினைத்தால் பூண்டு. வலிக்குக் காரணமான வேலை மட்டும் மாறாமல் நடந்துகொண்டே இருக்கும்.

நாம் நரம்பு என்று சொல்லுகிற பல வலிகளில் நரம்புக்குச் சம்பந்தமே இல்லை. அங்கே வலிப்பது தசைநாண். மருத்துவர்கள் டெண்டன் என்பார்கள். அதில் வரும் அழற்சிக்கு டெண்டினைட்டிஸ் என்று பேர்.

தசைநாண் எங்கே இருக்கிறது?

எல்லோரும் ஒரு கையை நீட்டுங்க. விரல்களை நன்றாக விரித்து, கொஞ்சம் பின்பக்கமாகத் தூக்குங்க. புறங்கையில் கயிறு மாதிரி கோடுகள் தெரியுதா? அதுதான் தசைநாண். இப்போது குதிகாலுக்கு மேலே, காலின் பின்பக்கம் தொட்டுப் பாருங்க. தடித்த வடம் மாதிரி ஒன்று இருக்கும். அது அகில்லிஸ் தசைநாண். நம் உடம்பில் இருக்கிற தசைநாண்களில் பெரியதும் வலுவானதும் அதுதான்.

தசை சுருங்கினால் எலும்பு அசைய வேண்டும். அந்த இரண்டையும் இணைக்கிற கயிறுதான் தசைநாண். கிணற்றில் தண்ணீர் இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இழுக்கிற கை தசை, மேலே வருகிற வாளி எலும்பு, நடுவே இருக்கிற கயிறு தசைநாண். கை எவ்வளவு பலமாக இருந்தாலும் கயிறு நைந்து போனால் தண்ணீர் வராது.

இன்னொரு விஷயம் பலருக்கும் தெரியாது. நம் விரல்களுக்குள் அவற்றை மடக்கி நீட்டுகிற தசை கிடையாது. விரலை அசைக்கிற தசைகள் முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கின்றன. ஒரு கையால் மற்றொரு முன்கையைப் பிடித்துக்கொண்டு விரல்களை ஆட்டிப் பாருங்க. உள்ளே தசை நெளிவது தெரியும். அங்கிருந்து நீளமான தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டி விரல் வரை போகின்றன. வழியில் சில இடங்களில் குறுகலான உறைகளுக்குள் நுழைந்து போகின்றன. நாம் ஒவ்வொரு முறை டைப் செய்யும்போதும் அந்தக் கயிறு உறைக்குள் முன்னும் பின்னும் ஓடுகிறது. அது ஓட ஓட உரசல்தான்.

ஏன் வருகிறது?

ஒரே நாளில் கீழே விழுந்து வருவது குறைவு. பெரும்பாலும் சின்னச் சின்னதாகச் சேர்ந்து வருவதுதான். தசைநாணுக்கு ரத்த ஓட்டம் தசையைவிடக் குறைவு. அதனால் அதில் ஏற்படும் சிறு கிழிசல்கள் மெதுவாகத்தான் ஆறும். ஆறுவதற்குள் மறுநாள் அதே வேலை, அதே அசைவு. ஆறும் வேகத்தைவிட நையும் வேகம் கூடும்போது வலி ஆரம்பிக்கிறது.

எனவே முதல் காரணம், ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது. இரண்டாவது, பழக்கம் இல்லாத பாரத்தைத் திடீரென்று ஏற்றுவது. போலீஸ் வேலைக்கு உடற்தகுதித் தேர்வு அறிவிப்பு வந்ததும், ஆறு மாதம் ஓடாத தம்பி ஒருவர் மறுநாளே மைதானத்தில் பத்து ரவுண்டு ஓடுவார். பத்து நாளில் குதிகாலுக்கு மேலே வலி வந்து, தேர்வு நாளில் ஓடவே முடியாமல் போகும். மூன்றாவது, வேலை செய்கிற நிலை. மணிக்கட்டை மடக்கியபடியே மௌஸ் பிடிப்பது, தோளுக்கு மேலே கையைத் தூக்கியபடியே மணிக்கணக்கில் வேலை பார்ப்பது இதில் சேரும்.

வயது கூடக்கூட தசைநாணின் இழுவைத்தன்மை குறையும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்தப் பிரச்சினை வரும் வாய்ப்பு அதிகம். முடக்குவாதம் உள்ளவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் அப்படித்தான்.

மருந்தாலும் வரலாம். சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகள் சிலருக்குத் தசைநாணைப் பாதித்து, அறுந்துபோகும் நிலைக்குக்கூடக் கொண்டுபோகலாம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2008-ஆம் ஆண்டிலேயே இதற்குக் கடுமையான எச்சரிக்கை வாசகம் போடச் சொன்னது. 60 வயதைக் கடந்தவர்களுக்கும், ஸ்டீராய்டு எடுத்துக்கொள்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். மருத்துவர் தேவை பார்த்து எழுதிக் கொடுத்தால் பயப்பட வேண்டாம். ஆனால் வயிற்றுப்போக்கு, சளி என்று மெடிக்கலில் நாமே கேட்டு வாங்கிப் போடக் கூடாது. இந்த மாத்திரை எடுக்கும்போது குதிகாலுக்கு மேலே வலித்தால் அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

யாருக்கு, எந்த இடத்தில்?

கட்டை விரலின் அடிப்பக்கம், மணிக்கட்டு ஓரம். கைக்குழந்தை வைத்திருக்கிற அம்மாக்களுக்கும் பாட்டிமார்களுக்கும் இங்கேதான் வலிக்கும். குழந்தையின் அக்குளில் கை கொடுத்து, கட்டை விரலை விரித்துத் தூக்குகிறோம் இல்லையா, ஒரு நாளைக்கு எத்தனை தடவை? போனில் கட்டை விரலாலேயே தட்டிக்கொண்டிருப்பவர்களுக்கும் இதே இடம்தான். சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி குவெர்வேன் 1895-இல் இதை விவரித்தார். அவர் பேரிலேயே இன்றும் அழைக்கிறார்கள். செல்போன் வருவதற்கு எவ்வளவோ காலம் முன்பே இருந்த வலி. போன் அதற்கு இன்னொரு வழியைத் திறந்துவிட்டது, அவ்வளவுதான்.

முழங்கையின் வெளிப்பக்கம். இதற்கு டென்னிஸ் எல்போ என்று பேர். ஆனால் இந்த வலியோடு வருகிற பெரும்பாலானோர் டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லை. கொத்துக்கரண்டி பிடிக்கும் கொத்தனார், மாவைப் பிசைந்து வீசும் பரோட்டா மாஸ்டர், ஸ்குரூ டிரைவர் திருகும் மெக்கானிக், ஈரத் துணியை முறுக்கிப் பிழியும் வீட்டு வேலைக்காரர்கள், நாள் முழுக்க மௌஸ் பிடிக்கும் நீங்கள். ஒரு டம்ளர் தண்ணீரைத் தூக்கும்போதே சுரீர் என்று இழுக்கும்.

தோள்பட்டை. சீலிங்குக்குப் பட்டி பார்க்கும் பெயின்டர், உயரமான அலமாரியில் சரக்கு அடுக்குபவர். கையைத் தலைக்கு மேலே தூக்கும்போது வலி, தலை வாரும்போது வலி, ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் வலி.

விரல். காலையில் எழுந்ததும் மடக்கிய விரல் நீளாமல் சிக்கிக்கொள்ளும். இன்னொரு கையால் நீட்டினால் ‘டக்’ என்று விடுபடும். இதற்கு ட்ரிக்கர் ஃபிங்கர் என்று பேர். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம்.

கால். முட்டிச் சில்லுக்குக் கீழே வலித்தால் அது வாலிபால், கபடி என்று குதிக்கிற பிள்ளைகளுக்கு வருவது. குதிகாலுக்கு மேலே வலிப்பதை ஏற்கெனவே சொன்னேன்.

அறிகுறிகள் என்ன?

விரல் வைத்துக் காட்டுகிற மாதிரி ஒரே இடத்தில், ஒரு மூட்டுக்குப் பக்கத்தில் வலி இருக்கும். குறிப்பிட்ட ஓர் அசைவில் கூடும், அந்த அசைவை விட்டால் குறையும். அழுத்தினால் வலிக்கும். லேசான வீக்கம் இருக்கலாம். காலையில் விறைப்பாக இருந்து, கொஞ்சம் நடமாடியதும் இளகும். சிலருக்கு அசைக்கும்போது நறநறவென்று உரசுவது தெரியும்.

ஆரம்பத்தில் இந்த வலி ஒரு ஏமாற்று வேலை செய்யும். வேலை தொடங்கும்போது வலித்து, கை சூடானதும் காணாமல் போகும். ‘சரியாயிடுச்சு’ என்று தொடர்வோம். சாயங்காலம் மறுபடி வரும். சில வாரத்தில் வேலை நடுவிலும் வலிக்கும், அப்புறம் சும்மா இருக்கும்போதும் வலிக்கும். முதல் கட்டத்திலேயே பிடித்துவிட்டால் வேலையைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டாலே பலருக்கும் போதும். கடைசிக் கட்டத்தில் மாதக்கணக்கு ஆகும். தினக்கூலிக்குப் போகிறவருக்கு அது எத்தனை நாள் கூலி என்று யோசித்துப் பாருங்கள்.

இது வேறு வலி என்று எப்போது சந்தேகப்பட வேண்டும்?

கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரலில் மரத்துப்போவது, எறும்பு ஊறுவது, ராத்திரி அதனால் விழிப்பது இருந்தால் அது நிஜமாகவே நரம்பாக இருக்கலாம். இரண்டு கையிலும் பல சிறு மூட்டுகள் வீங்கி, காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இருந்தால் முடக்குவாதமா என்று பரிசோதிக்க வேண்டும்.

காத்திருக்கவே கூடாத சில உண்டு. ‘பட்’ என்று சத்தம் கேட்டு, உடனே கையையோ காலையோ அசைக்க முடியாமல் போவது தசைநாண் அறுந்ததன் அடையாளமாக இருக்கலாம். ஓர் இடம் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் சேர்ந்தால் கிருமித் தொற்றாக இருக்கலாம். இரண்டுக்கும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இடது தோளிலோ கையிலோ வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சு வாங்கல் இருந்தால் தோள் வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

வலி மாத்திரை ஏன் தீர்வு இல்லை?

டெண்டினைட்டிஸ் என்றால் அழற்சி. ஆனால் வாரக்கணக்கில் நீடித்த வலியில் அழற்சியைவிட, நாண் உள்ளே நைந்து அதன் இழை ஒழுங்கு கலைந்திருப்பதே பெரிய பங்கு. அதனால்தான் மருத்துவர்கள் இப்போது டெண்டினோபதி என்ற சொல்லையும் பயன்படுத்துகிறார்கள். இந்த வித்தியாசம் நமக்கு எதற்கு? வலி மாத்திரை வலியை அடக்கும். நைந்த கயிற்றைத் திரிக்காது. வலி தெரியாததால் நாம் அதே வேலையை அதே வேகத்தில் செய்வோம், கயிறு இன்னும் நையும்.

மாத்திரையும் சும்மா விடுவதில்லை. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் நாள்கணக்கில் போட்டால் வயிற்றுப்புண், ரத்தக்கசிவு, சிறுநீரகப் பாதிப்பு, ரத்த அழுத்தம் கூடுதல் எல்லாம் வரலாம். சர்க்கரை, பிரஷர், சிறுநீரகப் பிரச்சினை, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதில் ரொம்பவே கவனமாக இருக்க வேண்டும். மணிக்கட்டு வலிக்கு மருந்து தேடப் போய் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொள்வது எவ்வளவு பெரிய நஷ்டம்!

அப்போ என்ன செய்யலாம்?

வலிக்கிற அந்த அசைவைக் குறையுங்கள். கையை முழுதாகக் கட்டிப்போட வேண்டியதில்லை. அசையாமலே வைத்திருந்தால் மூட்டு இறுகும், தசை வலுவிழக்கும். குழந்தையைத் தூக்கும்போது உள்ளங்கையை அடியில் கொடுத்து, முன்கையில் தாங்கித் தூக்குங்கள். போனில் நீளமாகத் தட்டுவதற்குப் பதில் குரல் வழி டைப்பிங்கைப் பயன்படுத்துங்கள், தமிழிலும் வேலை செய்கிறது. மௌஸ் பிடிக்கும்போது மணிக்கட்டு நேராக இருக்கட்டும், முன்கை மேசையில் படியட்டும். அரை மணிக்கு ஒருமுறை கையை எடுத்து விரல்களை நீட்டி மடக்குங்கள்.

புதிதாக ஆரம்பித்த வலிக்குத் துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை 10 முதல் 15 நிமிடம் வைக்கலாம். ஐஸை நேரடியாகத் தோலில் வைக்கக் கூடாது. வலிக்கிற இடத்தை அழுத்தி உருவி விடுவது, ‘சொடக்கு’ எடுப்பது வேண்டாம்.

இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றாலும், அதற்கு முன்பே வேலை செய்ய முடியாமல் போனாலும், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய்க் காட்டுங்கள். பெரும்பாலும் மருத்துவர் தொட்டு, அசைத்துப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். சாதாரண எக்ஸ்-ரேயில் தசைநாண் சரியாகத் தெரியாது. அதனால் ‘படம் எடுக்காம அனுப்பிட்டாங்க’ என்று வருத்தப்பட வேண்டாம். ஸ்பிளிண்ட் எனப்படும் தாங்கு பட்டை, பிசியோதெரபி, தேவைப்பட்டால் ஊசி என்று படிப்படியாகப் போவார்கள். இதில் பிசியோதெரபிதான் நைந்த நாணைத் திரும்ப வலுவாக்குகிற வேலை. கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் ஏற்றுகிற பயிற்சி அது. நாலு நாள் செய்துவிட்டு நிறுத்தினால் பலன் தெரியாது. வாரக்கணக்கில் செய்ய வேண்டும்.

எந்தச் சேவையை எப்படிப் பயன்படுத்துவது?

எங்கே போவது, எந்த மருத்துவரைப் பார்ப்பது என்று குழப்பமாக இருந்தால் 104 மருத்துவ உதவி எண்ணில் ஆலோசனை கேட்கலாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளோடு வீட்டுக்கே வரும் பிசியோதெரபி சேவையும் அடங்கும். நடமாட முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் உங்கள் பகுதி சுகாதாரப் பணியாளரிடம் கேளுங்கள்.

ஓ.பி.யில் கூட்டம் இருக்கும். மருத்துவருக்குக் கிடைப்பது சில நிமிடம்தான். அங்கே போய் ‘கை பூரா வலிக்குது சார்’ என்று சொன்னால் அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதற்குள் அடுத்த சீட்டு வந்துவிடும். அதனால் போவதற்கு முன்பே உங்கள் போனில் ஐந்து வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, எந்த இடம் என்பதை ஒரு விரலால் தொட்டுக் காட்டுகிற அளவுக்குத் துல்லியமாக எழுதுங்கள்.
இரண்டு, எத்தனை நாளாக இருக்கிறது, மெதுவாக வந்ததா திடீரென்று வந்ததா?
மூன்று, எந்த அசைவில் கூடுகிறது, எதில் குறைகிறது?
நான்கு, என்ன வேலை செய்கிறீர்கள், சமீபத்தில் அதில் என்ன மாறியது? புது மெஷினா, கூடுதல் நேரமா, புதுக் குழந்தையா?
ஐந்து, சர்க்கரை, பிரஷர் போன்ற நோய்கள், ஏற்கெனவே போடும் மாத்திரைகள், மெடிக்கலில் வாங்கிப் போட்ட மாத்திரைகள். கடைசியில் சொன்னதை மறைக்க வேண்டாம், அட்டையை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

விரல் சிக்கிக்கொள்கிறது என்றால் காலையில் சிக்கும்போதே 10 விநாடி வீடியோ எடுங்கள். மருத்துவமனையில் காட்டச் சொல்லும்போது அது பெரும்பாலும் சிக்காது!

இந்த ஐந்து வரியில் நாலாவதுதான் பலரும் சொல்லாமல் விடுவது. நான் தையல் தைக்கிறேன், நான் மாவு பிசைகிறேன், நான் ஒரு நாளைக்கு இத்தனை விண்ணப்பம் பதிகிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வேலையைச் சொன்னால்தான் வலிக்குச் சரியான பேர் கிடைக்கும்.

வீட்டில் யாராவது ‘நரம்பு இழுத்துக்கிச்சு’ என்று சொன்னால் உடனே தைலத்தை எடுக்காதீங்க. ‘எந்த இடம்? விரலை வச்சுக் காட்டு. எப்படி அசைச்சா வலிக்குது?’ என்று முதலில் கேளுங்க. அந்த ரெண்டு கேள்வியிலேயே பாதி வழி தெளிவாகிவிடும்.